கீறல் விழுந்த படகு

கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்களில் அநேகர் மணலில் ஏற்றி வைத்திருக்கும் படகின் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருப்பார்கள். படகின் மேல் முதுகைச் சாய்த்துக் கொண்டு உலக விவகாரங்களை எல்லாம் பேசித் தீர்த்திருப்பார்கள். ஆனால் அந்தப் படகு எதனால் ஆனது, அதில் ஒரு கீறல் விழுந்தால் யார் சரி செய்கிறார்கள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்? நாமும் விசாரித்ததில்லை என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் சில தினங்கள் தங்கும்படி நேர்ந்திராவிட்டால் இனிமேலும் விசாரித்திருக்க மாட்டோம்.

நாம் அங்கே போனது படகு பார்ப்பதற்காக அல்ல. 1620-ஆம் வருஷத்தில் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்கலாம், அப்படியே நாலு நாள் கடற்காற்றில் உடம்பைத் தேற்றிக் கொள்ளலாம் என்று போனோம். கோட்டையை அரை நாளில் பார்த்தாகிவிட்டது. மறுநாள் காலையில் அலைவாய்க் கரையோரமாக உலாவிக் கொண்டிருந்தபோது ஒரு படகைச் சுற்றிச் சிறு கூட்டம் கூடியிருந்தது. நம் நாட்டில் கூட்டத்தைக் கண்டு விலகிப் போகிற மனிதர் யார்? நாமும் எட்டிப் பார்த்தோம்.

முப்பது அடிக்குச் சற்றுக் குறைந்த நீலநிறப் பைபர் படகு அது. முந்தின இரவு கரை திரும்பும்போது அலை அதைப் பக்கவாட்டில் தள்ளித் தூண்டில் வளைவின் கல் ஒன்றில் உராய வைத்துவிட்டதாம். கடல் அரிப்பைத் தடுப்பதற்காகக் கருங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் வளைவாக நீட்டியிருக்கும் சுவருக்குத்தான் தூண்டில் வளைவு என்று பெயர். ஊரைக் காப்பதற்காகப் போட்ட கல், ஊராரின் படகைப் பதம் பார்த்திருந்தது. அணியத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு சாண் நீளத்துக்கு நீலத்தோல் உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஓட்டை என்று சொல்ல எதுவும் இல்லை. நம் கண்ணுக்கு அது குழந்தையின் முழங்காலில் ஏற்பட்ட சிராய்ப்பு மாதிரிதான் இருந்தது.

படகின் சொந்தக்காரருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. "கொஞ்சம் பட்டி பூசி, மேலே பெயிண்டு அடிச்சுட்டா ஆச்சு மாமா. ராத்திரியே தொழிலுக்குப் போயிடலாம்" என்றார்.

அவர் 'மாமா' என்று அழைத்தவர், மனைவியின் தகப்பனார். எழுபது வயது. இளம் பிராயத்தில் கட்டுமரம் ஏறியவர். பிறகு படகு கட்டும் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்துப் பைபர் தொழிலைக் கற்றுக் கொண்டவர். அவர் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகின் பக்கத்தை மெதுவாகத் தட்டிக் கொண்டே போனார். 'டிங், டிங்' என்று கேட்டுக் கொண்டிருந்த சப்தம், உராய்ந்த இடத்தை நெருங்கியதும் 'தொப்பு, தொப்பு' என்று மாறிற்று. தட்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்தபோது உரிந்திருந்த இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒரு வட்டம் உண்டாயிற்று.

"அஞ்சு நாள் ஆகும் மாப்பிளே" என்றார்.

மருமகனின் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் விஷயம் சிராய்ப்பு அல்ல என்பது நமக்கு விளங்கிற்று.

ஐந்து நாள் என்பது பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவருக்கு ஒரு சில்லறை லீவு. கடற்கரையில் அதன் கணக்கே வேறு. தமிழ் நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. மீன் குஞ்சு பொரிப்பதற்காக ஏற்பட்ட தடைதான். ஆனால் பெரிய படகுக்காரர்கள் தங்கள் படகுகளைப் பழுது பார்ப்பதும் அப்போதுதான். சிறிய பைபர் படகுகள் பொதுவாக இந்தத் தடையில் சேருவதில்லை. ஆகவே அவற்றுக்குக் கட்டாய ஓய்வு என்று ஒன்றும் கிடையாது. படகை மணலில் ஏற்றி வைக்கும் ஒவ்வொரு நாளும் சொந்தக்காரர் தம் கையிலிருந்து கொடுக்கும் நாள். அவர் மட்டுமா? அந்தப் படகில் நாலு பேர் போகிறார்கள். எண்ணெய்ச் செலவு போக மிச்சத்தில் படகுக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு என்று ஏற்பாடு. படகு கிடந்தால் நாலு வீட்டு அடுப்பும் கிடக்கும். இதற்கு மேல் மீன் வியாபாரியிடம் முன்பணம் வேறு வாங்கியிருந்தார். அந்த வாரத்தில் மீன்பாடு நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவே நாணயமாக நடந்து வந்த அந்த வாக்குவாதத்தை முடித்து வைத்தவர் வீட்டு அம்மாள். கூடையில் மீன் சுமந்து விற்பவர்; குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு அவர் கையில். "அலையிலே பொத்துக்கிட்டா அஞ்சு நாளா, அஞ்சு மாசமா? அப்பா சொல்றபடி செய்யுங்க" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக் கொண்டு போனார்.

இனி, பைபர் படகு என்றால் என்ன என்று சற்றுப் பார்ப்போம்.

மரக்கலம் கட்டுவது நம்மவர்க்குப் புதிதல்ல. இலேசான கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தின் பெயரைத்தான் ஆங்கிலேயர்கள் தங்கள் பாஷையில் எடுத்துக் கொண்டார்கள். சென்னையில் துறைமுகம் ஏற்படுவதற்கு முன்னால், கப்பலிலிருந்து இறங்கிய துரைமார்களைக் கரை சேர்த்தவை பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் விண்டு போகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தப் படகுகளுக்குச் சதா பணிவிடை செய்து கொண்டிருக்க வேண்டும் என்பதும் உண்மை. கயிற்றை மாற்ற வேண்டும், இடுக்குகளை அடைக்க வேண்டும், மீன் எண்ணெய் பூச வேண்டும், மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்குப் பயப்பட வேண்டும்.

கண்ணாடி நூலையும் பிசினையும் சேர்த்துப் படகு செய்யும் வித்தை 1940-களில் அமெரிக்காவில் தோன்றியது. 1979-ஆம் வருஷம் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் சென்னையைத் தலைமை இடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கிற்று. துறைமுகம் இல்லாத நம் கரையில் மணலிலேயே ஏற்றி இறக்கக் கூடிய பைபர் படகுகளை அந்தத் திட்டத்தினர் 1980-களில் உருவாக்கிப் பரீட்சை செய்து பார்த்தார்கள். பிறகு 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி வந்தது. ஆழிப் பேரலை கட்டுமரங்களையும் வள்ளங்களையும் வாரிச் சுருட்டிக் கொண்டு போன பின்னர், சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் ஆயிரக் கணக்கில் பைபர் படகுகளைக் கொடுத்தார்கள். இன்று கரையில் எங்கே பார்த்தாலும் அவைதான். கொடுத்த அவசரத்தில், சில படகுகளின் பலகை சன்னமாக அமைந்துவிட்டது என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. நாம் பார்த்த படகு அந்த வரிசையைச் சேர்ந்ததல்ல. கடன் வாங்கிச் சொந்தமாகக் கட்டியது.

கண்ணாடி என்றதும் உடைந்து விடுமோ என்று பயப்பட வேண்டாம். கண்ணாடியை உருக்கித் தலைமயிரைவிட மெல்லிய நூலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பாய் மாதிரி பரப்பியிருக்கிறார்கள். கடற்கரையில் இதற்கு 'மேட்' என்று பெயர். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்தான் அதிகமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இதை ரெசின் என்னும் பிசினில் நனைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் படகின் உடல். அதற்கு மேலே அரை மில்லி மீட்டர் அளவுக்கு நிறம் கலந்த கெட்டியான பூச்சு ஒன்று இருக்கிறது. இதுதான் ஜெல்கோட், படகின் தோல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தில் தொடங்கிச் சுண்ணாம்பு அடிப்பதில் முடிப்பார்கள். பைபர் படகு கட்டுகிறவர்களோ சுண்ணாம்பு அடிப்பதில் தொடங்குகிறார்கள்! வழவழப்பான அச்சுக்குள் முதலில் ஜெல்கோட்டைப் பூசி, அதன் மேல் மேட்டை அடுக்கிக் கொண்டே வந்து, கடைசியில் அச்சிலிருந்து கழற்றி எடுக்கிறார்கள். அதனால் புதுப் படகின் தோல் கண்ணாடி போல் பளபளக்கிறது. பழுது பார்க்கும்போது அச்சு இல்லை. உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். ஜெல்கோட் கடைசியில்தான் வரும். இதனால் வரும் தொல்லையைப் பின்னால் சொல்கிறோம்.

கிழவனார் நமக்குச் சொன்னதிலிருந்து, படகில் ஏற்படும் சிறு காயங்களைப் பற்றி இவ்வளவு தெரிந்து கொண்டோம். தோலோடு போன கீறலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஸௌகரியப்படும்போது தேய்த்து மெருகிட்டாலும், ஜெல்கோட்டைத் தடவினாலும் போதும். தோலைத் தாண்டி நூல் தெரிந்துவிட்டால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். ஏனென்றால் அந்த நூலோரமாகத் தண்ணீர் உள்ளே போக ஆரம்பிக்கிறது. அது ஒரு நாளில் படகை மூழ்கடித்து விடாது. வெயிலில் காய்ந்தும் அலையில் நனைந்தும் உள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். வெளியே தெரியாது, நாணயத்தால் தட்டினால்தான் தெரியும். மூன்றாவது ரகம், சிலந்தி வலை மாதிரி ஓரிடத்திலிருந்து நாலா பக்கமும் ஓடும் மயிரிழை வெடிப்புகள். இவை விழுந்த இடத்தில் படகு அடி வாங்கியிருக்கிறது, அல்லது அளவுக்கு மேல் வளைகிறது என்று அர்த்தம். உள்பக்கத்தில் பலப்படுத்தாமல் மேலே மட்டும் பூசினால், அடுத்த மாதமே அதே வலை அதே இடத்தில் மறுபடியும் பின்னிக் கொள்ளும். துறைமுகத்தில் எப்போதும் தண்ணீரிலேயே மிதக்கும் படகுகளுக்கு இன்னொரு வியாதியும் வருவதுண்டு. தோலுக்கடியில் நீர் கசிந்து கொப்புளம் கட்டும். குத்தினால் காடி நாற்றத்துடன் நீர் வடியும். தினந்தோறும் மணலில் ஏறிக் காயும் படகுகளுக்கு இந்தக் கொப்புளத் தொல்லை குறைவு. அதற்குப் பதிலாக மணல், ஏராவைத் தேய்த்துத் தின்றுவிடுகிறது. கடல் தன் வரியை எப்படியாவது வசூலித்துக் கொள்ளத்தான் செய்கிறது.

முதல் நாள் வேலை கழுவுவது. நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு உப்பையும் மீன் கொழுப்பையும் போக்கி, பிறகு அஸிடோன் நனைத்த துணியால் துடைத்தார்கள். எப்படியும் தேய்த்து எடுக்கப் போகிற இடத்தைத் துடைப்பானேன் என்று நாம் கேட்டோம். "துடைக்காமெ தேச்சா, கொழுப்பு கீறலுக்குள்ளே போயி உக்காந்துக்கும். அப்புறம் எந்தப் பிசினும் ஒட்டாது" என்று பதில் வந்தது.

பிறகு பென்சில் கோட்டுக்குள் தேய்க்க ஆரம்பித்தார்கள். மூக்கிலும் வாயிலும் துணியைக் கட்டி, அதன் மேல் முகமூடியும் போட்டுக் கொண்டு, நீளக்கைச் சட்டை அணிந்துதான் கிழவனார் இந்த வேலைக்கு வந்தார். கண்ணாடித் தூள் சரீரத்தில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். நெஞ்சுக்குள் போனால் அரிப்போடு நிற்காது. தூளையும் காற்றில் விடாமல், கீழே பழைய தார்ப்பாய் விரித்து வாரி எடுத்துக் கொண்டார்கள். மரத்தூள் மண்ணோடு மண்ணாகும், இது ஆகாது. இந்தப் புதுப் படகின் குறை அதுதான். உழைத்து ஓய்ந்த கட்டுமரம் அடுப்புக்காவது ஆகும். உழைத்து ஓய்ந்த பைபர் படகு எரிக்கவும் ஆகாமல், மக்கவும் மக்காமல் கரையிலே கிடக்கிறது.

அரை மணி நேரம் தேய்த்ததும் உண்மை வெளிப்பட்டது. நீலத் தோலுக்கு அடியில் கண்ணாடி நூலுக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் மாவு போன்ற ஒரு பொருள் இருந்தது. நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தது, ஈரமாயும் இருந்தது. எப்போதோ ஏற்பட்ட காயத்தில் யாரோ மோட்டார் வண்டிக்குப் பூசும் பட்டியை அப்பி, மேலே நீலம் அடித்திருக்கிறார்கள். அந்தப் பட்டி தண்ணீரைக் குடிக்கும் ஜாதி. வெயிலில் ஓடும் வண்டிக்கு அது போதும். அலையில் மிதக்கும் படகின் அடிப்பாகத்துக்கு உதவாது. மருமகன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி அவசரத்தில், தாமே ஆள் வைத்துச் செய்த வேலை அது என்பதை மத்தியானம் சாப்பாட்டின்போது ஒப்புக் கொண்டார். கிழவனார் அதைக் குத்திக் காட்டவில்லை. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்து, பிரிந்திருந்த இரண்டு அடுக்கு நூலையும் தேய்த்து அகற்றிய பிறகு நாணயத்தின் சப்தம் 'டிங்' என்று கேட்டது. அடியில் இருந்த அடுக்குகள் கெட்டியாக இருந்தன. "உசிரு இருக்கு" என்றார் கிழவனார். காயத்தின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், ஒரு பங்கு ஆழத்துக்குப் பன்னிரண்டு பங்கு அகலம் என்ற கணக்கில் சரிவாகத் தேய்த்தார்கள். புது நூலும் பழைய நூலும் ஒன்றன் மேல் ஒன்று நீளமாகப் படிந்தால்தான் பிடிப்பு இருக்கும்.

அதன் பிறகு இரண்டு நாள் யாதொரு வேலையும் இல்லை. உப்பு போகும்படி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, காயத்தைக் காய வைத்தார்கள். உப்பு இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக் கொள்ளுமாம். பகலில் வெயிலும் காற்றும்; இரவில் பனி படாமல் தார்ப்பாய் மூடல். பழுது பார்க்கும் வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்பது நமது அபிப்பிராயம். கண்ணுக்கு எதிரே மற்றப் படகுகள் நிறைய மீனோடு வந்து கொண்டிருக்கின்றன. நமது நண்பரின் படகு மட்டும் வெயில் காய்ந்து கொண்டிருக்கிறது. ஆட்கள் நால்வரில் ஒருவர் வேறு படகில் தொழிலுக்குப் போய்விட்டார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன, யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரி சாயங்காலம் வந்து, படகைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக் கொண்டு, படகுக்காரரைப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் மாலையில், "காஞ்சிருக்கும் மாமா" என்றார் மருமகன். கிழவனார் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் காயத்தின் மேல் வைத்து, நாலு ஓரமும் ஒட்டுத் தாளால் மூடினார். மறுநாள் வெயில் ஏறிய பிறகு பார்த்தோம். தாளின் உள்பக்கத்தில் வியர்வை மாதிரி பனித்திருந்தது. "இன்னும் அழுவுது" என்று சொல்லித் தாளைப் பிரித்தார். அன்றைக்கும் காய்ந்தது. அதற்கு மறுநாள் தாள் உலர்ந்திருந்தது.

இப்போது ரெசின் கலப்பதைச் சொல்ல வேண்டும். நமது சகோதரிகளுக்கு இதை விளக்குவது சுலபம். ரெசின் என்பது பால். கேட்டலிஸ்ட் என்னும் மருந்து உறைமோர். மோர் குறைந்தால் தயிர் உறையாது. மிஞ்சினால் கெட்டுப் போகும். வெயில் நாளில் சீக்கிரம் உறையும், மழை நாளில் தாமதிக்கும். ஆனால் தயிர் தவறினால் மோராக்கிக் குடித்துவிடலாம். ரெசின் தவறினால் வீண். நூறு கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லி லிட்டர் வரையில் கேட்டலிஸ்ட் என்பது கணக்கு. கோடை வெயிலில் ஒன்றை ஒட்டியே நிற்க வேண்டும். கைக் கணக்காக மூடியில் ஊற்றுவதைக் கிழவனார் அநுமதிப்பதில்லை. மருந்துக் கடையில் வாங்கிய ஊசிக் குழாயால்தான் அளக்கிறார்.

நம் கடைகளில் கிடைக்கும் ரெசின் பலவற்றில் ஆக்ஸிலரேட்டர் என்ற கோபால்ட் மருந்தையும் நாமே சேர்க்க வேண்டியிருக்கிறது. கத்தரிப் பூ நிறத்திலுள்ள இந்தத் திரவத்தை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறந்தான் கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு மருந்தையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கிழவனார் ஒரு சீசாவைப் படகின் அணியத்தருகிலும், மற்றதைக் கடையணியத்துக்கு அப்பால் பனைமரத்தடியிலும் வைத்திருந்தார். இரண்டுக்கும் இடையே முப்பது அடி. ஒவ்வொரு தடவையும் நடந்து போய்த்தான் எடுத்தார். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டுக் கண்ணில் தெறித்தாலும் பார்வை போய்விடக் கூடும் என்பதால் மூக்குக் கண்ணாடி மாதிரி காப்புக் கண்ணாடியும், பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் தயாராக இருந்தன. பீடி பற்ற வைத்த ஒரு பிள்ளையாண்டானை அவர் துரத்தியதைப் பார்த்தபோது அவருக்கு எழுபது வயது என்பதை நம்ப முடியவில்லை.

காலைப் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள், ஓலைத் தட்டி நிழலில் வேலை தொடங்கிற்று. கால் கிலோ ரெசின், மூன்று மில்லி லிட்டர் கேட்டலிஸ்ட். கொட்டாங்கச்சியில் கலந்தார்கள். மேட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தார்கள். கிழித்த ஓரம் பிசிறு பிசிறாக இருப்பதால் மேடு தட்டாமல் படியும். முதலில் காயத்தில் ரெசினைத் தடவி, அதன் மேல் மேட்டை வைத்து, தூரிகையால் இழுக்காமல் குத்திக் குத்தி நனைத்தார் கிழவனார். வெள்ளையாயிருந்த மேட் கொஞ்சங் கொஞ்சமாகக் கண்ணாடி மாதிரி தெளிந்து, அடியிலிருந்த பழைய நூல் தெரிய ஆரம்பித்தது. ஓரிடத்தில் வெள்ளைப் புள்ளி நின்றால் அங்கே காற்று இருக்கிறது. சிறிய இரும்பு உருளையால் உருட்டி அதை வெளியேற்றினார். மேட்டின் எடையைப் போல் இரண்டரைப் பங்கு ரெசின் போதுமாம். அதிகமாக ஊற்றினால் பலம் அதிகமாகும் என்று நினைப்பது தவறு. பலம் நூலில் இருக்கிறது. பிசின் அதைப் பிடித்துக் கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது அடுக்கும் படிந்தபோது மணி பத்து.

மறுநாள் ஜெல்கோட். இங்கேதான் மருமகனின் பொறுமை கரை கடந்தது. கிழவனார் சாயத்தைக் கலந்து, பழைய நீலத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒரு துளியைப் படகில் தொட்டு வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். வெயிலில் வெளுத்த நீலத்தோடு புது நீலம் சுலபத்தில் சேருமா? அந்த நேரத்தில் மருமகன், சீக்கிரம் உறைந்தால் சாயங்காலமே தேய்த்து விடலாமே என்று எண்ணி, மீதமிருந்த ஜெல்கோட் முழுவதிலும் கேட்டலிஸ்டைத் தாராளமாக ஊற்றிக் கலக்கிவிட்டார். தூரிகையைத் தேடிக் கொண்டு திரும்புவதற்குள் கொட்டாங்கச்சியிலிருந்து புகை கிளம்பிற்று. ஒரு நிமிஷத்தில் நீலக் கல் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. உறையும்போது ரெசின் சூடாகும். பரப்பில் மெல்லிசாகப் பூசினால் சூடு காற்றில் போய்விடும். கிண்ணத்தில் மொத்தமாக இருந்தால் போவதற்கு வழியின்றித் தன்னைத் தானே பொசுக்கிக் கொள்ளும்.

கிழவனார் கோபித்துக் கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் வாளித் தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிவிட்டு, "நாகப்பட்டணத்துக்குப் பஸ் பதினொண்ணுக்கு இருக்கு மாப்பிளே" என்று மட்டும் சொன்னார். மருமகன் போய் ஜெல்கோட் வாங்கிக் கொண்டு திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. அவசரத்தில் ஒரு நாள் போயிற்று.

அடுத்த நாள் அளந்து கலந்து பூசினார்கள். தேய்ப்பதற்கு இடம் கொடுத்துச் சற்று மேடாகவே பூசினார்கள். நாம் முன்னே சொன்ன தொல்லை இப்போதுதான் வருகிறது. ஜெல்கோட் காற்றுப் பட்டுக் கொண்டிருந்தால் மேல்பரப்பு முழுவதும் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். அச்சுக்குள் பூசும்போது அந்தப் பக்கம் அச்சோடு ஒட்டி மூடியிருப்பதால் கவலையில்லை. வெளியே பூசும்போது காற்றை மறைக்க வேண்டும். பூச்சு சற்றுக் கெட்டிப்பட்டதும் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குமிழி இல்லாமல் தடவி மூடினார் கிழவனார். நகரத்துப் பட்டறைகளில் இதற்காக மெழுகு கலந்த ஜெல்கோட்டை உபயோகிப்பதும் உண்டு. மறுநாள் காலை தாளை உரித்தபோது கீழே நீலம் இறுகியிருந்தது. மரக்கட்டையில் உப்புத் தாளைச் சுற்றி முதலில் 120, பிறகு 220, அப்புறம் தண்ணீர் விட்டு 400, 600 என்று நம்பர் ஏற ஏறத் தேய்த்தார்கள். 600-க்கு மேலேயும் போய் மெருகு கொடுத்தால் முகம் பார்க்கலாமாம். "மீனுக்கு முகம் பாக்க வேண்டாம்" என்று கிழவனார் அத்தோடு நிறுத்திவிட்டார்.

நாலு நாள் தங்கப் போன நாம் பத்து நாள் தங்கியிருந்தோம். இந்தப் பத்து நாளில் கடலில் போன மற்றப் படகுகள் சம்பாதித்தது எவ்வளவு என்று வீட்டு அம்மாள் கணக்குப் பார்த்திருப்பார், நம்மிடம் சொல்லவில்லை. வேறு படகுக்குப் போயிருந்த ஆள் திரும்பி வந்துவிட்டார்.

கடைசி இரவு இரண்டு மணிக்குப் படகைத் தள்ளினார்கள். நாமும் ஒரு கை கொடுத்தோம். நமது கையால் படகு நகர்ந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது மருமகன் சற்று நின்றார். மடியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, கை விளக்கை அணியத்துக்குப் பின்னால் பிடித்து, மூன்று தடவை தட்டிப் பார்த்தார். அலைச் சப்தத்தில் நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நாணயத்தை மடியில் செருகிக் கொண்டு படகில் ஏறினார். கிழவனார் மணலில் நின்றபடி, "கல்லுக்குத் தெற்கே விட்டு ஓட்டு" என்று கத்தினார்.